பள்ளிக்கூடத்தின் உயரம்

மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். எங்கே வெள்ளம் ஏறும், எங்கே மண் சரியும், அப்போது ஜனங்கள் எங்கே ஒதுங்கலாம் என்று மாவட்டம் முழுக்க மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது அவள் வேலை. அந்த வருஷ அறிக்கையில் ஒரே ஓர் இடம் அவளை உறுத்திக்கொண்டிருந்தது: ஆற்றோரப் பள்ளிக்கூடம். வரைபடத்தில் அது மேட்டில் இருந்தது. அறுநூறு பேர் தங்கும் வெள்ளப் புகலிடம் என்று பச்சை அடித்திருந்தார்கள். ஆனால் பாலத்திலிருந்து அங்கே சைக்கிளில் போகும்போது அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. சைக்கிள் தானாகவே உருண்டு போகும்.

பள்ளியின் தலைமையாசிரியை அவளுடைய சொந்த அக்கா. பள்ளிக்கூடத்தை அளந்து பார்க்கணும் என்றதும் அக்காவுக்குக் கோபம் வந்தது.

"இருபது வருஷமா இங்க இருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததில்ல. ஊர்ல வேற இடமே கிடைக்கலையாடி உனக்கு?"

"பெரிய வெள்ளம் வந்து முப்பது வருஷம் ஆச்சுக்கா. அதுக்கப்புறம்தான நீ வந்த?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "சரி, அளந்துக்கோ. ஆனா கோலை நான்தான் பிடிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்துத் தூணில் தொடங்கினார்கள். பழைய வெள்ளம் தொட்ட மட்டத்தை அதில் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஐம்பது அடிக்கு ஒரு தடவை அக்கா அளவுகோலை நிறுத்தினாள். தங்கை லெவல் கருவி வழியே பார்த்து உயரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"கோல் சாயுதுக்கா."

"என் கோல் சாயாது. உன் கண்ணத் துடை."

வகுப்பறைத் தரைக்கு வந்து சேர்ந்ததும் அக்கா நோட்டைப் பிடுங்கி, தானே கூட்டிக் கழித்தாள். கணக்கு வாத்தியாரம்மா அல்லவா, மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் ஒரே விடை. தரை அந்தச் சிவப்புக் கோட்டுக்கு நாலடி கீழே இருந்தது.

"அப்போ உங்க வரைபடம்?"

"அது விமானத்துலேருந்து எடுத்த அளவு. பள்ளியச் சுத்தி இருக்கிற இந்தத் தோப்புல தரை தெரியல. மர உச்சியத் தரைன்னு எடுத்துக்கிச்சு."

"நான் நட்ட மரமாச்சேடி!" என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நிமிஷமே, "அந்த அறுநூறு பேரும் எங்க போவாங்க?" என்றாள்.

"பாறை மேல இருக்கிற மூடின மில் கிடங்கு. கோட்டுக்குப் பத்தடி மேல. முதலாளி சாவி தர மாட்டேங்கிறாரு."

"யாரு, அவனா? ஏழாம் வாய்ப்பாட்டுக்கு என்கிட்ட அழுதவன்." அக்கா கைபேசியை எடுத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்குச் சாவியோட வா" என்று மட்டும் சொன்னாள். ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றான்.

அலுவலகத்தில் மேலதிகாரி தலையைச் சொறிந்தார். "அறிக்கைய அச்சடிச்சாச்சேம்மா."

"திரும்ப அடிங்க சார். தண்ணி நம்ம அச்சப் பார்த்துட்டு வராது."

அவர் கணக்குத் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தெருத்தெருவாகப் புது அறிவிப்புப் போனது. கிடங்கில் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைகளும் வந்தன.

அதற்கு மூன்றாம் மாதம் நாலு நாள் விடாத மழை. அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே ஆற்றோரத் தெருக்கள் கிடங்குக்குக் கிளம்பிவிட்டன. மதியத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குள் ஆறு புகுந்தது. பெஞ்சுகள் மிதந்தன. தண்ணீர் கரும்பலகையின் அடியைத் தொட்டு நின்றது.

அளவுக்காரி சாயங்காலம் படகில் வந்து சேர்ந்தாள். கிடங்கு வாசலில் அக்கா பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, பெரியவர்களையும் பிள்ளைகளைப்போல வரிசையில் நிற்க வைத்திருந்தாள். மில் முதலாளி முழங்கால் வரை சேற்றோடு போர்வைக் கட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தான்.

"எத்தனை பேர்க்கா?"

"அறுநூத்திப் பன்னிரண்டு. ஒருத்தர்கூடக் குறையல. ரெண்டு தடவ எண்ணிட்டேன்." அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தொப்பலா நனைஞ்சிருக்க. உள்ள வா, முதல்ல சாப்பிடு."