மூச்சுப் போட்டி

தலையணை உறையின் மூன்று பக்கங்களை யார் யாரோ தைத்து அனுப்புவார்கள். நான்காவது பக்கம், அதாவது வாய், அவளுடையது. குழாய் வழியே பஞ்சு ஏறி உப்பிக்கொண்டு வரும் தலையணையை மடியில் போட்டு, பிதுங்கி நிற்பதை உள்ளங்கையால் உள்ளே தள்ளி, இரண்டு விளிம்பையும் சேர்த்து மிஷினுக்குள் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் மூடிவிடும். மூடும்போது உள்ளே அடைபட்ட காற்று தூளையும் வாரிக்கொண்டு அவள் முகத்தில் வந்து அறையும். கண்ணை இடுக்கிக்கொள்வாள். அடுத்த தலையணை வந்திருக்கும். அங்கே அவளுக்கு ஊசி என்று பெயர்.

கூடத்தின் மறுகோடியில் பஞ்சு பிரிக்கும் மிஷினில் நின்றவன் அவள் கணவன். கல் மாதிரி இறுக்கிக் கட்டிய பொதியை அறுத்து, கை கையாகப் பிய்த்து, பல் வைத்த உருளைக்குக் கொடுப்பது அவன் வேலை. உருளை அதைக் கிழித்துப் பறக்கவிடும். குழாய்க்குள் போனது போக மிச்சமெல்லாம் அவன் புருவத்திலும் மூக்கிலும் தங்கும். இரண்டு படி ஏறினாலே நெஞ்சில் விசில் அடித்ததால் அவனுக்கு எஞ்சின் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு முதலில் சிரித்தவனும் அவன்தான். சிரிப்பு இருமலில் போய் முடியும் என்று தெரிந்த பிறகு, அவனிடம் வேடிக்கை பேசுவதை எல்லாரும் குறைத்துக்கொண்டார்கள்.

அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. அது வெளியே துப்பிய பஞ்சு முன்வாசலில் நின்ற கார்களின் மேல் படிகிறது, அதிலும் மேலாளரின் கறுப்புக் கார் மாவில் புரட்டி எடுத்த மாதிரி ஆகிறது என்று ஒருநாள் புகார் போயிற்று. மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைக் கழற்றி, தகரம் வைத்து அடைத்துவிட்டான். வேறு பக்கம் திருப்பி வைப்பார்களாம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டும்போது வாய்க்குள் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே கொடுத்து, டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார்: "ஒண்ணு இவர் அங்கிருந்து வெளிய வரணும். இல்ல, அந்தத் தூசி வெளிய போகணும். ரெண்டும் இல்லேன்னா இந்த நெஞ்சு ரொம்ப நாள் தாங்காதும்மா." அவன் வெளியே வந்தால் அடுப்பு பாதிதான் எரியும். ஆகவே தூசிதான் போயாக வேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்துக்குத் தொழிலாளர்களின் ஆரோக்கியத்தில் அக்கறை பிறந்தது. சரக்கு எடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று, உங்களிடம் நலவாழ்வுத் திட்டம் உண்டா என்று கேட்டுவிட்டதாம். உடனே நலவாழ்வுக் குழு அமைந்தது. ஏழெட்டு அதிகாரிகள் சேர்ந்த பிறகு, ஊழியர் ஒருவரும் வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. மேலாளர் மூக்கில் கைக்குட்டையோடு கீழே இறங்கி, எதிர்த்துப் பேசாத முகமாகத் தேடினார். ஊசி அப்போது அறுந்த நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க குழுவுல இருக்கீங்களா?"

"ம்" என்றாள், நூலை விடாமல். தேர்தல் முடிந்தது.

அவர் தலை மறைந்ததும் பக்கத்து மேஜையில் தலையணைகளை எடை போட்டுத் தராசு என்று பெயர் வாங்கியவள் ஆரம்பித்தாள். "மெம்பர் மேடம்! இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமாடி?"

"சும்மா இரு அக்கா. அந்த ஃபேனைப் பத்திக் கேக்கலாம்னுதான் தலையாட்டினேன்."

"கேளு, கேளு. அப்படியே எனக்கு ஒரு சாய்வு நாற்காலியும் சொல்லி வை."

கூட்டம் மாடியில், குளிரூட்டிய கண்ணாடி அறையில் நடந்தது. நாற்காலி சுழன்றது. விழுந்து வைக்கப்போகிறோமே என்று அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகர் அம்மாள் திரையில் ஒரு படம் காட்டினார். மலை உச்சியில் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சம்பளம், யார் அவளுக்கு லீவு கொடுத்தது என்றெல்லாம் படத்தில் இல்லை.

"ஆரோக்கியம்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல வர்றது என்ன? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

கணக்கு அதிகாரி மனநிறைவு என்றார். மேலாளர் உற்பத்தித்திறன் என்றார். பாதுகாப்பு அதிகாரி, எழுந்து நின்று, ஒழுக்கம் என்றார். அவள் முறை வந்தது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் மேடம்."

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூட நின்றது.

"ரொம்ப சுவாரசியமான பார்வை" என்று ஆலோசகர் பலகையில் 'சுற்றுச்சூழலோடு நம் உறவு' என்று எழுதினார்.

"அது பராமரிப்புப் பிரிவு விஷயம்மா" என்றார் மேலாளர் பரிவோடு. "இங்க நாம மனுஷங்களைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்."

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று ஆலோசகரும் திரும்பினார். "எதைக் கேட்டாலும் கையில ஒரு அளவு இருக்கணும். இத்தனை பேருக்கு இவ்வளவு குறைன்னு எண்ணிக்கையில காட்டினா, மேலிடம் இல்லேன்னு சொல்ல முடியாது. வெறும் வாய்ப்பேச்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அது அவள் மனதில் நன்றாகப் பதிந்தது. யோசித்தாள். சரிதானே. கைவலி, கால்வலி என்றால் நம்பமாட்டார்கள், தராசில் ஏற்றிக் காட்டினால் நம்புவார்கள்.

"அப்ப எங்க மூச்சையே அளந்து பாருங்க மேடம்."

ஆலோசகர் கை தட்டினார். அவர் தட்டியதால் மேலாளர் தட்டினார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். பிரிவுக்குப் பிரிவு போட்டியாக வைக்கலாம், கோப்பை கொடுக்கலாம், மூச்சுப் போட்டி என்றே பெயர் வைக்கலாம் என்று மேலாளர் அடுக்கினார். அவள் படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் எஞ்சினுக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் வை. என்னை மட்டும் விட்டுடு."

"உங்களை விட்டா அப்புறம் எதுக்குங்க அந்தப் போட்டி? உங்களை வெச்சுத்தான் ஃபேனே வரணும்."

"நாலு பேர் முன்னாடி மானம் போகும்டி."

"மூச்சே போயிட்டு இருக்கு. மானத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

போட்டியன்று காலையில் அவன் சட்டைப்பையில் ஸ்ப்ரேயைப் போட்டுக்கொண்டான். முறை வருவதற்கு முன் கழிப்பறைக்குப் போய் இரண்டு தரம் அடித்துக்கொண்டால் அரை மணி நேரத்துக்குச் சமாளித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னத்த?"

"பையில இருக்கறத. இன்னிக்கு ஒரு நாள் உள்ளபடி காட்டுங்க. நாளைக்கு நல்ல காத்து வரும்."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் விரிப்பில் பஞ்சு படிந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் கருவிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி மாதிரி மூன்று குழல், குழலுக்கு ஒரு பந்து, பக்கத்தில் வாயில் வைக்க ஒரு ரப்பர் குழாய். மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும்.

முதலில் வந்தவர்கள் எல்லாரும் ஊதினார்கள். "ஊதக் கூடாது, இழுக்கணும்!" என்று ஆலோசகர் தொண்டை வறளக் கத்தினார். தராசு இழுத்த இழுப்பில் மூன்று பந்தும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டன. "வீட்டுக்காரர்கிட்ட முப்பது வருஷமா கத்தின நெஞ்சு மேடம்" என்றாள். கூடமே சிரித்தது. தையல் பிரிவில் சிலர் கருவியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து சுலபமாக ஏறுகிறது என்று கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் கண் காட்டிக்கொண்டார்கள். அலுவலகப் பிரிவு மாடியிலேயே இழுத்து முடித்துவிட்டது.

பஞ்சுப் பிரிவு ஆட்கள் கடைசியாக வந்தார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எஞ்சின் ரப்பர் குழாயை வாயில் வைத்து, கண்ணை மூடி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முதல் பந்து ஆடியது. பாதி ஏறி விழுந்தது.

"இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க. நேர்மறையா நினைச்சுக்கிட்டு இழுங்க" என்றார் ஆலோசகர்.

நேர்மறையாக இழுத்தான். இருமல் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஊசி சாப்பாட்டுப் பையோடு ஓடினாள். ஸ்ப்ரேயைக் கையில் வாங்கும்போது அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஆலோசகர் கணினியில் எண்ணைத் தட்டுவதை அவள் பார்த்தாள். சரி, பதிந்துவிட்டது என்று நினைத்தாள். இனி யாரும் வாய்ப்பேச்சு என்று சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில் திரையில் வண்ண வண்ணப் பட்டைகள் வந்தன. அலுவலகம் பச்சை. தையல் மஞ்சள். பஞ்சுப் பிரிவு அடியோடு சிவப்பு. அவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"அற்புதமான தகவல்" என்றார் ஆலோசகர். "பிரச்சினை எங்கேன்னு துல்லியமாத் தெரிஞ்சுபோச்சு."

"அதத்தான் மேடம் நானும் சொன்னேன்."

"உங்களாலதாம்மா இது நடந்தது." மேலாளர் அவள் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறைதான். "இவ்வளவு பலவீனமான ஆளுங்களை அந்த மிஷின்ல நிறுத்தி வெச்சிருக்கோம்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய தலைவலி!"

சிவப்பில் இருந்த நால்வருக்கும் உடனடியாக ஓய்வு. இரண்டாவது பந்தை ஏற்றிக் காட்டுகிற நாளில் வேலைக்குத் திரும்பலாம். வீட்டில் பயிற்சி செய்ய ஆளுக்கு ஒரு கருவி இலவசம். சம்பளம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"சம்பளம் சார்?"

"வேலை செஞ்சாத்தானம்மா சம்பளம். இது ஓய்வு."

"ஃபேன் சார்…"

"அதான் அன்னிக்கே சொன்னேனே, அது வேற பிரிவு."

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் எழுந்தது. அவள் கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. ஏகமனதாக நிறைவேறியது என்று ஆலோசகர் வாசித்தார். யோசனையை முன்வைத்தவர் தொழிலாளர் உறுப்பினர் என்றும் வாசித்தார்.

பஞ்சு மிஷினுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். மூன்று பந்தையும் ஏற்றிக் காட்டியவர்களை மட்டுமே எடுத்தார்கள். அடுத்த போட்டியில் சிவப்புப் பட்டையே இல்லை. திட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பலன் தந்துவிட்டதாகச் சரக்கு எடுக்கும் கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. தராசு அவளை மெம்பர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேறு எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

குடும்பத்துக்கு ஒரு சம்பளம்தான் என்று ஆனதும் அவள் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினாள். இருட்டத் தொடங்கும் நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர முடிந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். அவன் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, ரப்பர் குழாயை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். முதல் பந்து ஏறி நின்றது. இரண்டாவது கொஞ்சம் எழும்பி, டக்கென்று அடியில் விழுந்தது. மறுபடி இழுத்தான். எழும்பியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ஒரு காலை வைத்தாள்.

"ஏய், இரு. உள்ள வராதே" என்றான்.

அவள் காலை எடுத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை அவன். முந்தின வாரம் அவள் அப்படியே உள்ளே வந்துவிட்டதால், அவன் மூச்சு முட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டியதாயிற்று.

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் தெருவோரம் போய் நின்றாள். தலையில் அடித்தாள். தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள், முழங்கைக்குக் கீழே சுரண்டிச் சுரண்டித் தட்டினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவளிலிருந்து வெள்ளையாகப் பறந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவன் ஜன்னலை மூடி, குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவள் முடிக்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.