வால் வைத்த கல்

1

இருந்தவர்கள்: தொலைநோக்கிக்கு முன்னால், மடிப்புக் கதிரையில் றமணன் அண்ணை. வலப்பக்கம், முதுகுப்பையின் மேல் அவர் மனைவி கிளறிற்றா. பின்னால், நிலத்தில் நான். மேலே பாறையில் வழிகாட்டி நம்கியால். இடம் லடாக், புல்லும் முளைக்காத மலை. திகதி ஒக்டோபர் பதினொன்று.*

அங்கே நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. எழுதுவது நாங்கள் இப்போது வசிக்கும் ஹவுன்ஸ்லோவில், சமையலறை மேசையில்.

(*இடமும் திகதியும் இல்லாத கடிதத்தை எங்கள் சாவகச்சேரி வாத்தியார் வாசிக்கவே மாட்டார்.)

2

முதல் தொடக்கம்: “பனிச்சிறுத்தை வாலைச் சுழற்றியபடி பாறையிலிருந்து…”

(வெட்டிவிட்டேன். நான் அதைக் காணவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். எதிர்ச்சரிவில் ஏதோ அசைகிறது என்றார் நம்கியால். அண்ணை தொலைநோக்கியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

“கண்டனியோ?”

எனக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் கல். பனிச்சிறுத்தையைக் காண ஒன்பது நாள் குளிரில் காத்திருந்த மூத்த மனிதர் கேட்கிறார். வாயில் வேறென்ன வரும்?

“ஓம் அண்ணை, கண்டன்.”

அண்ணை மறுபடி தொலைநோக்கியில் குனிந்தார். நம்கியால் இறங்கி வருவதற்குள் முகில் மூடிவிட்டது.

3

இப்போது நம்கியால் கேட்கிறார்: கண்டதை இருவரும் கையொப்பத்தோடு எழுதி அனுப்புங்கள். இரண்டு சாட்சி இருந்தால்தான் பனிச்சிறுத்தைகளைக் கணக்கெடுப்பவர்களின் ஏட்டில் ஏறும். அண்ணை இனி மலைப்பக்கம் போகக் கூடாது என்று இதய வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே நான் எழுதாவிட்டால், அண்ணை கடைசிவரை பனிச்சிறுத்தையைக் காணாத

(இந்த வசனம் இப்படியே கிடக்கட்டும்.)

4

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அண்ணை கோபித்துக்கொண்டு எழும்புகிறார். மற்றதில் என் தோளைத் தட்டுகிறார். நேற்று அவர்கள் வீட்டில் உண்மையைச் சொன்னபோது, அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார்.

“நீ ஓம் எண்ட பிறகுதான், ராசன், எனக்கு வால் தெரிஞ்சது.”

“ரெண்டு ஆம்பிளையள் சேந்து ஒரு கல்லுக்கு வால் வச்சிருக்கிறியள்,” என்றார் கிளறிற்றா அக்கா.

அண்ணை சிரிக்கவில்லை. “உள்ளதை எழுது. ஆனா கல்லு எங்க கிடந்தது எண்டும் எழுது.”

5

எழுதினேன்: “நான் கண்டது கல். எதிர்ச்சரிவில், இரட்டைப் பாறைக்கு இடப்பக்கம், நாற்பது அடி கீழே. ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கேயே இருந்தால் அது கல். இல்லாவிட்டால்”

அதற்குக் கீழே நானும் அண்ணையும் கையொப்பமிட்டோம். வசனத்தை முடிக்க வேண்டியது நான் அல்ல; விரும்பினால் நீங்கள் முடியுங்கள்.

உறையை ஒட்டி, தபால் எடுக்கும் நேரத்துக்கு முன்பே தெருமுனைத் தபால்பெட்டிக்குள் போட்டேன். கூட வந்த அண்ணை குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வாய்க்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.