அங்கே செர்வீசியோ செய்யவில்லை

நேர்முகத்துக்கு வந்திருந்த எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். செலஸ்ரீனா மட்டும் சுவரோரமாக நின்றாள். யாரும் இருக்கச் சொல்லாமல் கதிரையில் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. விடிந்ததும் போய்த் தான் பார்த்துக்கொள்ளும் சின்யோராக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கோப்பி கொடுத்து, பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு வியா மக்வேதாத் தெருவில் இருந்த இந்த விசா அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தாள். எவ்வளவு கழுவியும் கையில் கிழவியின் களிம்பு மணத்தது.

ஆங்கிலம் பேசும் ஒரு நாட்டின் தூதரகம் றோமில் இருந்தது. விசாவுக்கு அலையும் ஆட்களுக்காகப் பலெர்மோவில் சின்னக் கிளையொன்றைத் திறந்து, கவுண்டரில் இருக்க ஒருவரைத் தேடினார்கள். இத்தாலியனும் ஆங்கிலமும் வேண்டும், தமிழ் தெரிந்தால் நல்லது, அலுவலக அனுபவம் கட்டாயம். விளம்பரத்தைப் போனில் கண்டவள் சுஜானி. அல்பெர்கேரியாப் பகுதியில் செலஸ்ரீனா அறையெடுத்திருக்கும் வீட்டுக்காரரின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"அன்ரி, இது உங்களுக்கெண்டே போட்ட மாதிரிக் கிடக்கு. மன்னார்க் கச்சேரியிலை எட்டு வருசம் கிளாக்கா இருந்தனீங்கள்தானே? எழுதிப் போடுவம்."

கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பார்த்த எட்டு வருடத்தையும் சேர்த்து எழுதிப் போட்டார்கள். கூப்பிட்டும் விட்டார்கள்.

அவளுக்குக் கவுண்டரும் கண்ணாடியும் பெரிதில்லை. வேண்டியது முழுநேர ஒப்பந்தம். ஏழு வயதில் விட்டுவிட்டு வந்த மகன் நிதுசன், தகப்பனில்லாத பிள்ளை, மன்னாரில் அவளுடைய தங்கை கிளறாவிடம் வளர்கிறான். ஆவணியில் வரும் மடு மாதா திருவிழாவோடு அவனுக்குப் பதினெட்டு. அதற்கு முன்னால் விண்ணப்பித்தால்தான் பிள்ளை என்று சொல்லி இத்தாலிக்குக் கூப்பிடலாம். விண்ணப்பிக்கப் போதிய சம்பளம் காட்ட வேண்டும். சின்யோராவின் மகனோ அவள் செய்கிற வேலையில் பாதியைத்தான் அரசாங்கத்தில் பதிந்திருந்தான். மிச்சத்தையும் பதியச் சொல்லிக் கேட்டால் "பார்ப்போம்" என்பான். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், புண்ணியவான்.

அவளுடைய முறை வந்தது. நேர்முகம் செய்த அதிகாரி, எல்லோரும் மரியாதையாகத் தொத்தொரெஸ்ஸா என்று கூப்பிட்டவள், நல்ல மனுசியாகத்தான் இருந்தாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். ஆங்கிலத்தில் கொஞ்சம் கதைத்துப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினாள். பிறகு இத்தாலியனுக்கு மாறினாள்.

"இலங்கையில் அரசாங்க அலுவலகத்தில் செர்வீசியோ செய்திருக்கிறீர்கள், அப்படித்தானே?"

பலெர்மோத் தமிழ்ச் சனத்துக்கு அந்தச் சொல்லில் ஒரு அர்த்தம்தான் உண்டு. 'செர்வீசியோவுக்குப் போறன்' என்றால் யாருடைய வீட்டிலோ கூட்டித் துடைத்துச் சட்டி கழுவப் போகிறேன் என்று அர்த்தம். செலஸ்ரீனாவுக்கு முகம் சுட்டது. இங்கே எத்தனை கக்கூஸ் கழுவினாலும் மன்னாரில் அவள் கந்தோர் மேசைக்காரி. அதையும் பறிகொடுக்க அவளால் முடியாது.

"இல்லை தொத்தொரெஸ்ஸா. செர்வீசியோ எல்லாம் இங்கே பலெர்மோவில்தான். அங்கே நான் ஒருநாளும் செய்யவில்லை."

"ஒருநாளுமா? எட்டு வருடம் என்று இதில் இருக்கிறதே."

"அங்கே வேலைக்குப் போனேன். ஆனால் செர்வீசியோ இல்லை. சத்தியமாக இல்லை."

தொத்தொரெஸ்ஸா தாளில் அந்த எட்டு வருடத்தின் மேல் ஒரு கோடு கீறினாள். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றாள். செலஸ்ரீனா நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

பின்னேரம் குசினியில் வைத்து அதைச் சுஜானிக்குச் சொன்னபோது செலஸ்ரீனாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "வடிவாச் சொல்லிப்போட்டன் பிள்ளை. அங்கை நான் ஒருத்தருக்கும் வேலைக்காரியா இருக்கேல்லை எண்டு."

சுஜானி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "அன்ரி... அவ என்ன சொல்லிலை கேட்டவ?"

"செர்வீசியோ எண்டுதான்."

"ஐயோ அன்ரி! ஒஃபிசிலை அப்பிடிக் கேட்டால் உத்தியோகம் பாத்தனீங்களோ எண்டு அர்த்தம். அவ கச்சேரி வேலையைத்தான் கேட்டிருக்கிறா."

"வீட்டுவேலை எல்லோ செர்வீசியோ?"

"அதுகும்தான். ரெண்டும்தான்."

செலஸ்ரீனா அடுப்பை நிறுத்தினாள். "அப்ப என்ரை வாயாலை நானே இல்லையெண்டிட்டன்" என்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சுஜானி போன் எடுத்து விளக்கினாள். தொத்தொரெஸ்ஸா பொறுமையாகக் கேட்டாள். வேலை ஃப்ரான்செஸ்கோ என்ற பெடியனுக்குக் கொடுத்தாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றாள். பிறகு, அந்த அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது, பின்னேரங்களில் துப்புரவுக்கு ஆள் தேவை, வருவாவா என்று கேட்டாள்.

"உள்ளுக்கை போனால் ஆராவது என்னைப் பாப்பினம்" என்றாள் செலஸ்ரீனா. "ரெண்டு சம்பளமும் சேர்ந்தால் விண்ணப்பத்துக்குக் காட்டக் காணும்."

அந்த அலுவலகத்தின் துப்புரவைப் பொறுப்பெடுத்திருந்த கொம்பனி ஒப்பந்தத்தைச் செப்டெம்பரில் எழுதுவதாகச் சொன்னது. ஓகஸ்டில் இத்தாலியில் எவன் வேலை செய்கிறான்? கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை; விண்ணப்பிக்காமலே நாள் போனது. திருவிழா அன்று மடுவிலிருந்து நிதுசன் வீடியோவில் வந்தான். மீசை தடித்திருந்தது.

"பரவாயில்லை அம்மா. நான் சித்தப்பாவோடை மீன்பிடிக்கப் போட்டிலை போறன்தானே. அழாதேங்கோ."

"நான் அழேல்லை ராசா. இஞ்சை சரியான வெக்கை" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

ஒக்ரோபரில் ஒரு பின்னேரம் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது கவுண்டரிலிருந்து ஃப்ரான்செஸ்கோ கூப்பிட்டான். தமிழ் ஆட்கள் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனாள். கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை செய்யும் பெனடிக்ற், மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் நின்றார். தூதரகத்தின் நாட்டுக்குக் குடும்பமாகப் போக விசாக் கேட்டு வந்திருந்தார்கள்.

"மூத்தவளைச் சேர்க்க முடியாது. வயது தாண்டிவிட்டது" என்றான் ஃப்ரான்செஸ்கோ. "அவர்களுக்குச் சொல்லுங்கள்."

சொன்னாள்.

"அக்கா, நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ" என்றார் பெனடிக்ற். "எங்களோடை இருக்கிறவள். இவளை ஆரிட்டை விட்டிட்டுப் போறது? எங்கடை பிள்ளைதானே."

அவள் அதை இத்தாலியனில் சொன்னாள். தேவைக்கு மேலேயே இரண்டு தரம் சொன்னாள். ஃப்ரான்செஸ்கோ கையை விரித்தான்.

"என்னவாம் அக்கா?"

செலஸ்ரீனா மூத்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினெட்டு முடிஞ்சால் பிள்ளை இல்லையாம்" என்றாள்.

அவர்கள் கடதாசிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஃப்ரான்செஸ்கோ நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான். ஈரத் தரையில் நாலு பேரின் சப்பாத்து அடையாளமும் கதவுவரை போயிருந்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கவுண்டரடியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.