‘எந்திரி’க்குப் பின்னால் ஓர் எழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை திருட்டு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்றவர் ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அது மூன்றாம் பகுதியில் வரும். அதுவரை பொறுங்கள்.

2

1981. எருமப்பட்டிப் பக்கம் ஒரு கராத்தே காமெடிப் படம். டைரக்டர் வெங்கடாசலம் கராத்தேயைப் போஸ்டரில் மட்டுமே பார்த்தவர். ‘சீனா வில்லன்’ வேஷத்துக்குத் திருச்செங்கோட்டு லாரி டிரைவர் ஒருவர் வந்தார். கண் சின்னது, அதுவே தகுதி. (சீனமொழி பேசச் சொன்னார்கள். லாரிப் பாகங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். முதல் டேக்கிலேயே ஓகே.) உள்ளூர் வில்லன் நாச்சிமுத்து, பண்ணையக்காரர். படப்பிடிப்புக்குத் தன் கடலைக்காட்டை விட்டார், பதிலுக்கு வேஷம் கேட்டு வாங்கினார்.

கதாநாயகிக்குக் கம்பு பிடிக்கத் தெரியாது. அதனால் டூப்பாக வந்தாள் குஞ்சம்மாள். அதே காட்டில் களை வெட்டுகிறவள். அவள் கம்பு சுற்றினால் பக்கத்தில் ஈ அண்டாது.

(எங்கே கற்றாள்? அவளுடைய மாமன் ஒரு மாசி மாதத்தில்... வேண்டாம். மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் ஓர் ஆண் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.)

நான்கு நாளாக அவள் முதுகுக்கு மட்டும்தான் சினிமா. ஐந்தாம் நாள் கதாநாயகி காய்ச்சலென்று ஊருக்குப் போய்விட்டார். டைரக்டர் குஞ்சம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்.

“கருப்பா இருக்கற. சரி, கதாநாயகிக்கு அக்கான்னு கதைய மாத்திக்கறேன். வில்லன அடிச்சுத் தள்ளிட்டு ‘எந்திரிடா’ன்னு ஒரே வசனம். சரியாச் சொன்னா உன் மூஞ்சி படத்துல வரும். இல்லேன்னா முதுகோட சரி.”

குஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் முகத்தைக் கொட்டகையில் ஊர் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஆசை அவளுக்கு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

3

குஞ்சம்மாள் அடித்தாள். நாச்சிமுத்து மண்ணில் விழுந்தார்.

“எந்திரிங்க!”

“கட்! ‘டா’ போடும்மா. வில்லன் அவன்.”

“அவனா?” என்று கீழே கிடந்த நாச்சிமுத்து தலையைத் தூக்கினார்.

இரண்டாம் டேக். “எந்திரிங்க சாமி!”

மூன்றாம் டேக். குஞ்சம்மாள் பல்லைக் கடித்தாள்.

“எந்திரிங்கடா!”

(இதுதான் நான் திருடிய சொல்.)

யூனிட்டே உருண்டு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ‘ங்க’ பேச்சு வந்த நாளிலிருந்தே அவள் நாக்கில் இருந்தது. கம்பால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாச்சிமுத்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “பாத்துச் சொல்லு புள்ள. நாளைக்கும் எங்காட்டுக்குத்தான் களவெட்ட வரோணும்.”

நான்காம் டேக்குக்குக் கிளாப் அடித்தார்கள்.

4

முடிவு அ: சொன்னாள். ஊரே கைதட்டியது. (பொய். ஊர் முதலில் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்திருக்கும்.)

முடிவு ஆ: சொல்லவில்லை. கொட்டகையில் அவள் முதுகைப் பார்த்து... (எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவது முடிவைத் தேடிக் கதையை முதலிலிருந்து படித்தேன். மாட்டிக்கொண்டது நான். நாச்சிமுத்து மண்ணில் விழுந்தாலும் ‘விழுந்தார்’. டைரக்டர் ‘பார்த்தார்’. லாரி டிரைவருக்குக்கூட ‘வந்தார்’. குஞ்சம்மாள் மட்டும் ‘வந்தாள்’, ‘அடித்தாள்’. என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு நாளைக்கு யார் காட்டிலும் களை கிடையாது. அப்புறம் எனக்கு என்ன கேடு? வெட்கமாக இருக்கிறது.

திருத்துகிறேன்.

குஞ்சம்மாள் கம்பை ஊன்றி நின்றார். நாச்சிமுத்து கீழே கிடந்தான். அவர் அவனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“எந்திரி

மிச்சத்தை நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் அது என் தைரியம், அவருடையதல்ல. நீங்கள் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது.