சமர்கந்துப் பயில்வானின் கால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் எஞ்சின் கொட்டகையில் கரி அள்ளிக்கொண்டிருந்த கன்னையா, ஒரு சுபதினத்தில் சமர்கந்து நாட்டுக்காரன் ஆனான். ஆக்கியவர் கொர்னேலியஸ். கிள்ளானில் ஒரு திடலைப் பிடித்து, கூடாரம் அடித்து, சனிக்கிழமைதோறும் குஸ்தி நடத்தியவர். சமர்கந்து எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. ரவாங் ஊரைத் தாண்டி எங்கோ என்பது மட்டும் நிச்சயம். உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரனோடு கட்டிப் புரள்வதைக் கள்ளுக்கடை வாசலில் இனாமாகவே பார்க்கலாம். அதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஆகவே கன்னையாவுக்குத் தாடி வளர்ந்தது. மேல்பாதி சொந்தம், கீழ்பாதி ஆட்டு மயிர். 'சமர்கந்து சண்டமாருதம்! காலை ஆகாரம் ஒரு முழு ஆடு! மனித பாஷை அறியாதவன்!' என்று விளம்பரத் தாள் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ஆட்டு விஷயம் அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை. அவன் தோசைக்கு உட்கார்ந்தால் கடைக்காரர் அடுத்த தெருவுக்கு மாவு கேட்டு ஆள் அனுப்புவார். அவன் பட்டப்பகலில் நடந்து போனால், பொழுது சாய்ந்துவிட்டதென்று கோழிகள் கூட்டில் அடையும். இத்தனை உடம்பு இருந்தும் கொட்டகையில் ஃபிட்டர் முதல் பியூன் வரை எல்லோருக்கும் அவன் 'ஏ கன்னையா'தான். உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

குஸ்தி தெரியுமா என்றால், தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யார் எப்போது விழுவது, யார் எங்கே கடிப்பது என்பதெல்லாம் மத்தியானமே ஒத்திகை பார்த்து முடிவாகிவிடும். அறிவிப்பாளரும் நடுவரும் கொர்னேலியஸேதான். வேறொருவருக்கு ஏன் சிரமம்?

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவர் கன்னையாவைத் தனியே அழைத்தார்.

“இந்தா பாரு, ஒன்னப் பாத்து ஜனம் நடுங்கணும். நடுங்குனா அடுத்த ஆட்டம் சிங்கப்பூருல. சிரிச்சா, திங்கக்கெழம காலையில நீ பழையபடி கரி அள்ளப் போயிரு லா.”

எதிராளி தம்புசாமி, கிள்ளான் மண்ணின் மைந்தர். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்து நரைத்த மீசை. பல்லால் லோரி இழுப்பவர் என்று பெயர். இழுத்த பிறகு எத்தனை பல் மிஞ்சியது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. ஏற்பாடு சுலபமானது. சண்டமாருதம் பெரியவரைக் கீழே தள்ளி, நெஞ்சில் காலை வைத்து உறுமும். ஜனம் கொதிக்கும். பெரியவர் பொங்கி எழுந்து அதைத் தூக்கி எறிவார். சுபம்.

கன்னையா மேடையேறி உறுமிய உறுமலில் முன்வரிசைக் குழந்தைகள் அலறின. கச்சான் கடலை விற்றவன் கூடையை விட்டுவிட்டு ஓடினான். ஆகா, பயப்படுகிறார்கள்! அவனுக்குச் சொர்க்கம் கண்ணில் தெரிந்தது, சிங்கப்பூரும் பக்கத்திலேயே தெரிந்தது. தம்புசாமியைத் தள்ளினான், அவர் ஏற்பாட்டின்படி மரம்போல் சாய்ந்தார். நெஞ்சின்மேல் காலை வைத்தான்.

கால் பட்டதோ இல்லையோ, மூளைக்குச் சேதி போவதற்குள் வலது கை தானாகக் கீழே போனது. பெரியவரின் நெஞ்சைத் தொட்டது. திரும்பி வந்து இரண்டு கண்ணிலும் பயபக்தியாக ஒற்றிக்கொண்டது.

அதோடு போயிருந்தாலும் சமாளித்திருக்கலாம். பாதிச் செத்தவராகக் கிடக்க வேண்டிய தம்புசாமி, கண்ணை மூடியபடியே, “பரவால்ல தம்பி, நல்லா இரு” என்று வாழ்த்திவிட்டார்.

கூடாரமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்திருந்த வீரம்மாதான் முதலில் எழுந்தாள்.

“சமர்கந்தாவது ஒண்ணாவது. இது நம்ம வூட்டுப் புள்ள லா.”

எழுந்த சிரிப்பில், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் ஒரு முழம் நகர்ந்தன என்பார்கள். கன்னையாவின் கண்முன் கரிமலை எழுந்தது. எப்படியாவது பயத்தை மீட்டுவிட வேண்டுமென்று இன்னும் பலமாக உறுமி, பெரியவரின் விலாவில் ஓர் உதை விட்டான். கை மறுபடியும் போனது. தம்புசாமி எழுந்து பதிலுக்கு உதைத்தார். அவர் கையும் போனது. விலக்கிவிட நடுவில் புகுந்த கொர்னேலியஸை இரண்டு பேருமே மிதித்து, இரண்டு பேருமாகக் குனிந்து அவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து உருண்டவர்களை எண்ணி முடியாது.

“தூக்கி எறிங்க, சீக்கிரம்,” என்று கொர்னேலியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தம்புசாமியின் காதில் சொன்னார்.

“ஆசீர்வாதம் பண்ணுன புள்ளயாச்சுங்க. நான் எப்பிடி எறியிறது?”

ஜனமும் விடவில்லை. புள்ளைக்கு அடிபட்டுவிடப் போகிறது என்று நாலா பக்கமும் குரல். பத்து நிமிஷத்துக்கு முன் அவனைப் பார்த்து அலறிய குழந்தைகள் மேடையேறி அவன் தாடியைத் தொட்டுப் பார்த்தன. கீழ்பாதி கையோடு வந்தது. வேறு வழியில்லாமல் ஆட்டம் சரிசமம் என்று அறிவிக்கப்பட்டது.

கூடாரத்தின் பின்னால் கன்னையா மிச்சத் தாடியைப் பிய்த்துக்கொண்டு தூக்குத் தண்டனைக் கைதிபோல் உட்கார்ந்திருந்தான். கொர்னேலியஸ் வந்து நின்றார்.

“துணிமணி எடுத்து வச்சுக்க. சிங்கப்பூர் போறோம்.”

“சிரிச்சாங்களே அண்ணே.”

“சிரிச்சவன் எல்லாம் நாளைக்கும் ஆட்டம் உண்டான்னு கேட்டு வாசல்ல நிக்கிறான். நடுங்குனவன் என்னைக்குடா திரும்பி வந்தான்? இனிமே ஒவ்வொரு மிதிக்கும் தொட்டுக் கும்பிடணும். மறந்தே, கரிதான்.”

கன்னையாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கரியிலிருந்து தப்பியாயிற்று, ஆனால் மலாயாவில் இனி ஒரு கோழிக்குஞ்சுகூட அவனுக்குப் பயப்படாது. புது விளம்பரத் தாளில் சமர்கந்து மறைந்து, 'மரியாதைப் பயில்வான் கன்னையா' என்று சொந்தப் பேர் கொட்டை எழுத்தில் வந்தது. அவனை வழியனுப்பக் கோலாலம்பூர் ஸ்டேஷனில் பிரிக்ஃபீல்ட்ஸே திரண்டு நின்றது. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டி, அவன் கன்னத்தைத் தட்டினாள்.

“அங்க வயசானவங்க இருப்பாங்க. பாத்து மிதி, தம்பி.”

“சரிக்கா,” என்றது சண்டமாருதம்.