போடாத சரி

மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? இந்தக் கேள்விக்கு டைலர் என்ற பத்து வயதுப் பையன் மூன்று வாரமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "நாலுல ஒண்ணுதான் மிஸ். மூணவிட நாலு பெருசுதானே?"

அவன் இருந்தது இங்கிலாந்தில், ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில். கணக்குச் சொல்லிக் கொடுத்த வெள்ளையம்மா என்ற பெண் இருந்தது இலங்கையில், கேகாலை டவுனில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில். அவனுக்குக் காலை பத்து மணி என்றால் இவளுக்குப் பின்னேரம் மூன்றரை. இடையில் இருந்ததெல்லாம் ஆளுக்கொரு ஹெட்போனும், இரண்டு பேரும் எழுதக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் திரையும்தான். முகம் தெரியாது.

இரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இங்கிலீசில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறதாம் என்று அவள் ஊருக்குப் போகும் புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். உயர்தர வகுப்பில் கணிதம் எடுத்து, இரண்டு வருடம் மழையிலும் வெயிலிலும் இங்கிலீஷ் வகுப்புக்கு அலைந்து, பரீட்சை எழுதித்தான் அவள் இந்த இன்டர்நெட் டியூஷன் கம்பெனியில் சேர்ந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. நிரந்தர நியமனக் கடிதம் கையெழுத்தாகி மேற்பார்வையாளர் தருமலிங்கத்தின் மேசையில் கிடந்தது. கிடந்ததே தவிர, கைக்கு வரவில்லை.

காரணம் ஒரு சின்னப் பெட்டி. ஒரு பாடப்பகுதி முடிந்ததும் திரையில் அந்தப் பெட்டி வரும். பிள்ளை தேறிவிட்டது என்றால் ஆசிரியை அதில் சரி போட வேண்டும். போட்டால்தான் அடுத்த பகுதி திறக்கும், பள்ளிக்கூடத்துக்கு நல்ல அறிக்கை போகும். ஆசிரியையின் கடவுச்சொல் இல்லாமல் கடவுளே வந்தாலும் அந்தச் சரியைப் போட முடியாது. டைலரின் பெட்டி மூன்று வாரமாக வெறுமையாகக் கிடந்தது.

மூன்று மணிக்குத் தருமலிங்கம் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"இஞ்ச பாரும் பிள்ளை, அந்தப் பள்ளிக்கூடத்தில பன்னிரண்டு பிள்ளையள். பதினொண்டுக்குச் சரி போட்டாச்சு. உம்மட பெடியன் ஒருத்தன்தான் மிச்சம்."

"அவனுக்கு இன்னும் வெளங்கல சேர்."

"விளங்காட்டி அடுத்த வருசம் விளங்கும். அடுத்த தவணைக்கும் அந்தப் பள்ளிக்கூடக்காரர் எங்களை எடுக்கோணும், விளங்குதோ? ஒரு சரி, ஒரேயொரு சரி. போட்டிட்டு இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போம்."

ஒரு சரி! வெள்ளையம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அவளுக்கும் ஒரு காலத்தில் அந்தச் சரியைப் போட்டிருந்தார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார், அவரும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவார். ஐந்தாம் ஆண்டு முடிவில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ரிப்போர்ட் வந்தது: கணிதம், சித்தி, அதாவது பாஸ். இரப்பர் மரத்தில் பால் வெட்டும் அம்மா இலட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டக் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகப் போய் எல்லார் கையிலும் ஒரு கரண்டி சீனி போட்டுவிட்டு வந்தாள். அடுத்த மாதம் டவுன் பள்ளிக்கூடத்தில் எண்பத்து நான்கை நான்கால் பிரி என்றார்கள். வெள்ளையம்மா சோக்கட்டியைப் பிடித்தபடி மணியடிக்கும் வரை கரும்பலகை முன்னால் நின்றாள். அங்கிருந்த கணக்குச் சேர் அவளுடைய ரிப்போர்ட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அன்று பின்னேரம் அவள் எண்பத்து நான்கு இரப்பர் கொட்டை பொறுக்கி வந்து, தரையில் நான்கு குவியலாகப் போட்டுப் போட்டுத் தானாகவே படித்தாள். நடந்ததைக் கேட்ட அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

"போட மாட்டேன் சேர்," என்றாள் வெள்ளையம்மா. "தெரியாத புள்ளைக்குத் தெரியும்னு எழுதுறது பச்சப் பொய்."

அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றரை ஆகிவிட்டது. தருமலிங்கமும் விடவில்லை. இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடத்தைக் கேட்கப் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

பிள்ளையிடம் 'பிழை' என்ற சொல்லையே பாவிக்கக் கூடாது, 'நல்ல முயற்சி' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். வெள்ளையம்மா அதைச் சட்டை செய்யவில்லை.

"டைலர், நீ மூணு வாரமா சொல்றது பிழை. நீ இன்னும் தேறல. அப்படித்தான் நான் எழுதப் போறேன்."

தருமலிங்கம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ என்னைய விட்டுட்டுப் போயிருவீங்களா மிஸ்?"

"எங்க போறது? ஒனக்கு வெளங்குற வரைக்கும் இதையேதான் படிக்கப் போறோம்."

"எல்லாரும் சூப்பர் டைலர்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருவாங்க," என்றான் அவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மிஸ்."

அட பாவிகளா! வெள்ளையம்மா கம்பெனி கொடுத்த படங்களையெல்லாம் மூடிவிட்டுத் திரையில் பன்னிரண்டு இரப்பர் கொட்டைகள் வரைந்தாள். மூன்று பேருக்குப் பிரிக்கச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாக இழுத்து வைத்தான். பிறகு நான்கு பேருக்குப் பிரிக்கச் சொன்னாள். அதையும் பிரித்தான்.

"மூணு பேர்னா ஆளுக்குக் கூடக் கெடைக்குது மிஸ்!"

"ஏன்?"

"ஆள் கொறைவு... அப்போ மூணுல ஒண்ணுதான் பெருசா?"

தருமலிங்கம் அவளுடைய தோளைத் தட்டி, திரையில் இருந்த பெட்டியைக் காட்டினார். முகமெல்லாம் பல். அவள் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, "சரி, அஞ்சுல ஒண்ணு பெருசா, ஆறுல ஒண்ணா?" என்று கேட்டாள்.

"ஆறுல ஒண்ணு," என்றான் டைலர். "இல்ல... பொறுங்க மிஸ்..."

அங்கே மணியடித்துவிட்டது.

"விளங்கீட்டுது அவனுக்கு. போடும் சரியை," என்றார் தருமலிங்கம்.

"பாதி வெளங்கியிருக்கு. பாதிக்கு யாரு சேர் சரி போடுவாங்க?"

பெட்டியை வெறுமையாகவே விட்டு, கீழே ஆங்கிலத்தில் தட்டினாள்: தேறவில்லை, கெட்டிக்காரன், இன்னும் மூன்று பாடம் வேண்டும். அவர் தடுக்கும் முன்பே அனுப்பியும்விட்டாள்.

தருமலிங்கம் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம் பிள்ளை. செவ்வாய்க்கு அந்தப் பெடியனுக்கு வேற ஆளைப் போடப் போகினம். பிறகு என்னைக் கோவிக்காதேயும்."

வெள்ளையம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் கவலை.

அம்மா வாசலிலேயே நின்றாள். கடிதம் வருகிற நாள் இதுதான் என்று லயம் முழுக்கத் தெரியும். "எங்க கடிதாசி?"

"கெடைக்கலம்மா. ஒரு புள்ளைக்குக் கணக்கு இன்னும் வெளங்கல. வெளங்கிருச்சின்னு போடச் சொன்னாங்க. போடல."

அம்மா கிட்ட வந்தாள். "ஒனக்கு அன்னைக்கிப் போட்டானுகளே, அந்த மாதிரியா?"

"ஆமாம்மா."

"வீடு வீடாப் போயி சீனி குடுத்தேனேடி," என்றாள் அம்மா. பதின்மூன்று வருடமாக உள்ளே கிடந்த சொல் அது. முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். "அந்தப் புள்ளைக்கி அடுத்த பாடம் எப்ப?"

"செவ்வாக்கெழம மூணரைக்கி. ஆனா வேற ஆளப் போடப் போறாங்களாம்."

"போட்டா போடட்டும். நீ மூணு மணிக்கே போயி அந்தக் கதிரையில குந்திக்க. எவன் வந்து எழுப்புறான்னு பாப்போம்."