ஜெயந்த் என்கிற வைஃபை டப்பா

சிவப்புதான், இன்னும் சிவப்பேதான், கோரிப்பாளையத்தில் நின்றபோதும் சிவப்பு, வைகைப் பாலத்தில் ஏறி இறங்கியபோதும் சிவப்பு, இதோ ஆரப்பாளையமும் தாண்டியாயிற்று, பச்சைக்கு மாறமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறது... தடுக்கி விழுந்தால் டவர் இருக்கிற ஊருக்குள் சிக்னல் இல்லை என்றால் யார் நம்புவார்கள், சார்ஜ் முழுசாக இருக்கிறது, நேற்றே போட்டு வைத்தான், ரீசார்ஜும் போன வாரம்தான் செய்தான், பின்னே என்ன கேடு இதற்கு என்று குருபிரசாத் கையிலிருந்த வைஃபை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குளியல் சோப்பு அளவில் ஒரு கறுப்பு டப்பா, முதுகில் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம் கறுத்துக் கிடந்தது. கே.கே. நகரில் கிளம்பும்போது அவன் வழக்கம்போல முன் சீட்டில், டிரைவர் பாண்டியராஜனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். "டேய், ஜெயந்த் சிவப்பா எரியறாண்டா" என்று அம்மா பின்னாலிருந்து சொன்ன பிறகுதான் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பின்னால் வந்தான். ஜெயந்த் என்று அவள் சொன்னது தம்பியை இல்லை, இந்த டப்பாவை. தம்பி ஜெயந்த் கனடாவில் இருக்கிறான், அங்கே இப்போது நடுராத்திரி, தூங்காமல் முழித்திருக்கிறான், நம் ஊர் பத்து மணிக்கு அம்மாவின் டேப்லெட்டில் முகம் காட்டுவான், சொல்லவேண்டியதைச் சொல்வான். அதற்குள் பச்சை வந்தாக வேண்டும்... வராவிட்டால்? வராவிட்டால் குருபிரசாத்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அது அவனால் ஆகாது.

சொல்லவேண்டியது ஒன்றும் பெரிய ராமாயணம் இல்லை. அம்மா, நாம் போவது முட்டி வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு இல்லை, கீழக்குயில்குடிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, உன்னை அங்கே விடப் போகிறோம்... இவ்வளவுதான். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை ஒரு மாதமாக. பெண்டாட்டி பிருந்தாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவளும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அவனும் ஆபீஸுக்குப் போகிறான், வீட்டில் அம்மா மட்டும், குளியலறையில் ஒருமுறை விழுந்தாள், பிறகு இன்னொருமுறை விழுந்தாள், இரண்டாவது தடவை காலையில் விழுந்தவள் சாயங்காலம் பிருந்தா வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தாள். "ஏம்மா, கத்தியிருக்கலாமே" என்று கேட்டதற்கு, "கத்தினா பக்கத்தாத்துக்காரா என்ன நினைச்சுப்பா" என்றாள். ஆள் வைத்துப் பார்த்தார்கள், வந்தவள் நிற்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முழித்துக்கொண்டிருந்தபோது ஜெயந்த்தான், "நான் சொல்றேண்ணா, நான் சொன்னா அம்மா கேப்பா" என்றான். கேட்பாள், அதுதான் உண்மை, அந்த உண்மைதான் முள்ளாகக் குத்தியது, இத்தனை வருஷம் சோறு போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் கால்கடுக்க நின்றவன் சொன்னால் கேட்கமாட்டாள், கண்ணாடிக்குள்ளிருந்து சிரிக்கிறவன் சொன்னால் கேட்பாள். குத்தினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டான், ஏனென்றால் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா. இன்று காலை அம்மா காதில் விழக்கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய்த் தம்பியோடு பேசினான், வீட்டு வைஃபை மாடிக்கு எட்டாது, எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்லி முடிப்பது, அம்மா அழுதால் என்ன செய்வது என்று பேசிப் பேசி அவன் போனில் இன்றைக்கு உண்டான டேட்டா அத்தனையும் கரைந்துபோயிற்று. இப்போது இந்த டப்பாவை விட்டால் கதி இல்லை.

சரி, முதலில் அணைத்துவிட்டுப் போடலாம். அணைத்தான், கொஞ்சம் பொறுத்தான், போட்டான், மூன்று விளக்கும் ஒன்றாக எரிந்து ஆசை காட்டிவிட்டு மறுபடி சிவப்பு. ஜன்னலை இறக்கி வெளியே நீட்டிப் பார்த்தான், காளவாசல் புழுதியும் அனலும் கையில் அடித்தன, சிவப்பு. இதெல்லாம் அவனுக்குப் புதிதா என்ன, போன முறை ஊருக்கு வந்தபோது ஜெயந்த் இதை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து இதற்கு வைத்தியம் பார்ப்பதே அவன் பிழைப்பாகிவிட்டது. அம்மா போகிற கோயிலெல்லாம் நானும் கூடவே வந்த மாதிரி இருக்கும் என்றான் தம்பி. அன்றிலிருந்து அதற்கு ஜெயந்த் என்றே பெயர், ஜெயந்துக்கு சார்ஜ் போட்டாச்சா, ஜெயந்த் மேல வெயில் படறது பார், ஜெயந்தை எடுத்துண்டியா... குருவை எடுத்துக்கொண்டாயா என்று யாரும் கேட்டதில்லை, அவன்தான் காரோடு ஒட்டிப்பிறந்தவன் ஆயிற்றே. அழகர்கோயில் போனபோது வேலை செய்யவில்லை, பார்த்தால், அடிபடாமல் இருக்கட்டும் என்று எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடியிருந்தாள், இரும்புப் பெட்டிக்குள் எப்படியம்மா சிக்னல் போகும். ராமேஸ்வரம் போனபோது வெயிலில் சூடேறித் தானாகவே அணைந்துபோய், ஈரத்துண்டுக்குப் பக்கத்தில் வைத்து ஆறவிட்டான். ஒருமுறை பாஸ்வேர்டு மறந்துபோய் முக்கால் மணி நேரம் முட்டிக்கொண்டான், கடைசியில் பார்த்தால் தம்பியின் பிறந்தநாள். திருமோகூரில், திருவேடகத்தில் எல்லாம் சிம் கார்டு இடம் நகர்ந்திருந்தது, ரோட்டுக் குலுக்கலில் நகர்ந்திருக்கும், மூடியைத் திறந்து, சிம்மை எடுத்து வேஷ்டி நுனியில் துடைத்து, திரும்பப் போட்டால் பச்சை வந்துவிடும். அவன் அதை நோண்டிக்கொண்டிருக்கும்போது அம்மா சம்படத்தைத் திறந்து புளியோதரையை உருட்டி அவன் கையில் வைப்பாள், வாய்க்குள்ளேயே போட்டுவிடுவாள் சில சமயம், "கை அழுக்காயிருக்கு உனக்கு, ஆ காட்டு" என்று... பச்சை வந்ததும் அவன் திரும்பவும் முன் சீட்டுக்குப் போய் ஆபீஸ் போனைக் காதில் வைத்துக்கொள்வான், பின்னால் அம்மாவும் தம்பியும் பேசிக்கொண்டு வருவார்கள்.

அம்மா இன்று எதுவும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மடியில் பையை வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் படும் பாட்டைக் கண்ணாடியில் பார்த்த பாண்டியராஜன்தான் பொறுக்கமாட்டாமல், "எம்புட்டு நேரமா அதோட மல்லுக்கட்டுறீக, என் போன்ல நெட்டு கெடக்குண்ணே, ஹாட்ஸ்பாட் போட்டு விடவா?" என்றான். அட, இது தோன்றவில்லையே என்று குருபிரசாத் வாயெடுப்பதற்குள், "வேண்டாம்ப்பா, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் அம்மா. சரி பாட்டிம்மா என்று அவனும் திரும்பிக்கொண்டான். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் ஆயிற்றா, வேண்டும் என்று இவன் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை, "போட்டு விடுங்க" என்று, ஏன் சொல்லவில்லை... அம்மா வேண்டாம் என்றபோது நெஞ்சுக்குள் எதுவோ இளகியதே, அது என்ன. தம்பி வரவேண்டும், அவனே சொல்லிவிட வேண்டும் என்று தவியாய்த் தவிக்கிறவனுக்கு எதற்கு நிம்மதி வருகிறது. வராமலே போய்விட்டால் வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நப்பாசையா? திருப்பி எங்கே போவது, அந்தக் குளியலறைக்கா.

நாகமலை தாண்டி வண்டி இடது பக்கம் திரும்பியதும் வெயில் முகத்தில் அடித்தது. வயல்கள் பாதி பிளாட் கல் நட்டுக் கிடந்தன, மீதியில் நாற்று, தூரத்தில் சமணமலை மொட்டையாக உட்கார்ந்திருந்தது. இனிமேல் மலை மறைக்கும், டவரும் குறைவு, டப்பா உயிரோடிருந்தாலும் செத்தது மாதிரிதான், மணி பத்து தாண்டிவிட்டது, அங்கே ஜெயந்த் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான், அண்ணனுக்கு ஒரு டப்பாவைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைப்பான், நினைக்கட்டும்... ஆத்திரம் எங்கிருந்தோ வந்தது, வந்த ஆத்திரம் அந்தச் சந்தனப் பொட்டின் மேல் போய் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், ஆனால் அப்போது அது தோன்றவில்லை. "எத்தனை வாட்டிம்மா சொல்லியிருக்கேன், இதுக்கெல்லாம் சந்தனம் வைக்காதேன்னு. ஈரச் சந்தனம் உள்ள எறங்கிடுத்து, சிம்மு கெட்டுப்போயிடுத்து. இது என்ன அரிவாளா, அம்மிக்கல்லா, பொட்டு வைக்கறதுக்கு?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஆயுத பூஜையன்று அவன் ஸ்கூட்டருக்கும் வைத்தாள், பிருந்தாவின் மிக்ஸிக்கும் வைத்தாள், இந்த டப்பாவைப் புத்தகங்களோடு அடுக்கி, மறுநாள் பூஜை முடியும்வரை யாரையும் தொடவிடவில்லை, அன்று பூராவும் தம்பி கூப்பிடவும் முடியவில்லை, அவள் கவலைப்படவும் இல்லை... ஓடுகிற வண்டியில் திறந்தால் சிம் கீழே விழும் என்று இதுவரை தள்ளிப்போட்டிருந்தவன், கட்டை விரல் நகத்தால் பின் மூடியை நெம்பினான். மூடி கையோடு வந்தது, வழக்கமாக அவ்வளவு லேசில் வராது. பேட்டரியை எடுத்தான். உள்ளே சந்தனம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சிம் கார்டும் இல்லை.

விழுந்துவிட்டதோ என்று சீட்டுக்கு அடியில் குனிந்தான், கால்மிதியைத் தூக்கினான், நேற்று சார்ஜ் போடும்போது பச்சைதானே எரிந்தது, பார்த்தானே, அப்படியானால் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில்...

"இங்க இருக்குடா."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மீனாட்சி கோயில் விபூதி மடித்த காகிதத்துக்குள் சிம் கார்டு இருந்தது, அதன் மேல் திருநீறு ஒட்டியிருந்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள், அவள் விரல் சூடாக இருந்தது.

"காலைல நீ மாடில பேசிண்டிருந்தியே, அப்ப எடுத்தேன். நீ எப்பவும் இதைத்தானே எடுத்துத் துடைச்சுப் போடுவே."

"எதுக்கும்மா?"

டிரைவருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எண்ணெய் வைத்தியத்துக்குப் போறவளோட உள்பாவாடைல பேர் எழுதி வைப்பாளாடா? எல்லாத்துலயும் எழுதியிருக்கா பிருந்தா, அழியாத மையில. அவளைத் திட்டாதே, அவ என்ன பண்ணுவா, அந்த இடத்துல எழுதணும்னு சொல்லியிருப்பா." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள். "வேணும்னா அதைப் போட்டுக்கோ, நான் தடுக்கலை. நடுராத்திரில முழிச்சிண்டு அவன் கூப்பிடறது இதுக்குத்தான்னு தெரியறது, ஆனா அவன் சொல்ல வேண்டாம் குரு. அவன் நன்னாச் சொல்லுவான், நானும் சரிடா கண்ணான்னுடுவேன். கொண்டு விடறது நீதானே. நீ சொல்லு."

சொல்லு என்கிறாள், தெரிந்துகொண்டே சொல்லு என்கிறாள், தெரிந்தவளிடம் என்னத்தைச் சொல்வது, வழியெல்லாம் இவள் வாயை மூடிக்கொண்டு வந்தது இதற்குத்தானா, சந்தனம் என்று கத்தினேனே, அதையும் கேட்டுக்கொண்டு... அழுகை வரும் என்று பார்த்தான், வரவில்லை. அய்யனார் கோயில் ஆலமரமும் தாமரைக் குளமும் வந்து போயின. மஞ்சள் பூசிய மதில் ஒன்று வந்தது, கேட் வந்தது, பாண்டியராஜன் ஹார்ன் அடித்தான், யாரோ ஓடிவந்து திறந்தார்கள். குருபிரசாத்தின் உள்ளங்கையில் அந்தச் சின்னத் தகடு வேர்வையில் ஒட்டிக்கொண்டது. நீ எப்பவும் இதைத்தானே எடுப்பே... எப்பவும் என்றாளே, அப்படியானால் திருமோகூரில்? திருவேடகத்தில்? ரோட்டுக் குலுக்கல் என்று அவனாக நினைத்துக்கொண்டதுதானே, அம்மா அப்படிச் சொன்னதில்லையே. நகர்ந்துபோன சிம்மை அவன் துடைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் ஒருமுறைகூட அவசரப்பட்டதில்லையே, ஜெயந்த் காத்திருப்பான், சீக்கிரம் பார் என்று ஒரு வார்த்தை... காலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவன் பின் கதவைத் திறந்தபோது சீட்டில் இருந்த பையை அவள் ஏற்கெனவே மடிக்கு எடுத்து, ஜன்னலோரம் ஒதுங்கி, அவனுக்கு இடம் விட்டிருந்தாளே, அவன் வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே.

அப்போதும் நீதான் நகர்த்தினாயா என்று கேட்கலாமா, கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"எறங்கலையாண்ணே?" என்றான் பாண்டியராஜன். பக்கத்தில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குருபிரசாத் சிம் கார்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, "அம்மா" என்றான், மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடியும் "அம்மா" என்றான்.